மிட்டாய்ப் பொட்டலமும் தினாவின் கல்யாணமும்

1

இன்று என் தம்பி தினாவுக்கும் கோமதிக்கும் முதல் கல்யாண நாள். எனக்கு இங்கே கனடாவில் வேலைக்குக் கிளம்பும் நேரம், அவர்களுக்கு வல்லம் வடகாலில் சாயங்காலம். வீடியோவில் கேக்கைக் காட்டினார்கள். பேக்கரிக்காரர் தினாவைத் ‘தீனா’ ஆக்கியிருந்தார். “பேரு பெருசா இருந்தா ஆளும் பெருசாவான்னு எழுதிட்டாருக்கா” என்று தினா சொல்ல, கோமதி அவன் வாயில் ஒரு துண்டைத் திணித்து அடைத்தாள். நான் காரை ஓட்டிக்கொண்டு போகும்போதும் சிரித்துக்கொண்டே போனேன். சிக்னலில் பக்கத்துக் கார்க்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

கார் கம்பெனிகள் நிறைந்த ஒரகடம் பக்கத்துக்காரிக்குக் கனடா வந்தும் கார் கம்பெனிதான் வாய்த்தது. சீட்டுக்குள் இருக்கும் இரும்புச் சட்டத்தைச் சோதித்து அனுப்பும் வேலை. இன்று எந்தச் சட்டத்தைத் தூக்கிப் பார்த்தாலும் போன வருஷத்து அந்த ஒரு காலைப்பொழுதுதான் ஞாபகம் வந்தது. கல்யாணம் நடக்குமா நடக்காதா என்று தொங்கிக்கொண்டிருந்த காலை. ஊரில் இருக்கிற நீங்கள் படிக்கும்படி இதை எழுதலாமா என்று மூன்று பேரிடமும் கேட்டுவிட்டேன். தினா, கோமதி, என் மகள் ரித்து. மூவரும் எழுதச் சொன்னார்கள். அதிலும் ரித்து, “என் பேரை மாத்தாதம்மா” என்றாள்.

2

முதலில் தினாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு அம்மா அப்பா இல்லை. நான் கல்யாணமாகி விமானம் ஏறும்போது தினா பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான், சித்தி வீட்டில் வளர்ந்தான். ஐ.டி.ஐ. முடித்து ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் கான்டிராக்டில் சேர்ந்தான். அவனோடு ஒரே லைனில் வேலை பார்த்த மூன்று பேர், இவனையும் சேர்த்து நான்கு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஏரிக்கரைக்குப் போவார்கள். பிரியாணி, கிரிக்கெட், கூடவே ஒருவன் கொண்டுவரும் வலி மாத்திரை. டாக்டர் சீட்டில்லாமல் எங்கேயோ வாங்கியது. “ஜாலிக்குத்தாங்க்கா” என்று பிறகு என்னிடம் சொன்னான். ஆரம்பத்தில் அது உண்மையும்தான்.

ஞாயிறு மட்டும் என்றிருந்தது, ஷிஃப்ட் முடிந்தும் நின்று ஓ.டி. பார்த்த நாளுக்கும் என்றானது. பிறகு ஓ.டி. பார்ப்பதற்கே வேண்டும் என்றானது. கடைசியில் படுக்கையை விட்டு எழுவதற்கே அது தேவைப்பட்டது. வேலை போனது, பைக் போனது, சித்தி வீட்டில் ஒவ்வொரு பொருளாகக் காணாமல் போனது. மருத்துவமனையில் சேர்த்து, திரும்ப விழுந்து, மறுபடி சேர்த்து, ஒருவழியாக மீண்டான். ஸ்ரீபெரும்புதூரில் இவனைப் போல விட்டவர்கள் வாரம் ஒருமுறை ஓர் அறையில் கூடிப் பேசுகிறார்கள். அங்கே போகத் தொடங்கினான். கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டினான். அந்த வேனில் தினமும் ஏறிய பெண்தான் கோமதி. திருநெல்வேலிப் பக்கம், சுங்குவார்சத்திரத்தில் பெரிய எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைன் லீடர். தன் கதை முழுவதையும் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் கல்யாணப் பேச்சையே எடுத்தான். அவளுடைய அப்பா அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. “கல்யாணம் முடியட்டும், நானே பக்குவமா சொல்லிக்கிடுதேன்” என்று கோமதி சொல்லியிருந்தாள்.

அந்த நான்கு பேரில் மற்றவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருவன் கல்யாணத்துக்குப் பிறகு தானாகவே விட்டான், எந்தச் சிரமமும் படவில்லை. ஒருவன் இன்றைக்கும் பொங்கல் தீபாவளிக்கு எடுக்கிறானாம், மறுநாள் ஒழுங்காக ஷிஃப்டுக்குப் போகிறானாம். இன்னொருவன் உயிரோடு இல்லை. நால்வரும் உட்கார்ந்தது ஒரே கரையில்தான். யாருக்கு என்ன ஆகும் என்று அன்றைக்கு அங்கே யாராலும் சொல்லியிருக்க முடியாது.

3

இங்கே கனடாவில் கஞ்சா சட்டப்படி கிடைக்கிறது. நான் காய்கறி வாங்கும் கடைக்குப் பக்கத்திலேயே லைசென்ஸ் வாங்கிய கடை இருக்கிறது. செல்போன் ஷோரூம் மாதிரி பளபளவென்று இருக்கும். பத்தொன்பது வயதானதற்கு அத்தாட்சி காட்டினால் போதும். மிட்டாய் வடிவில்கூட விற்கிறார்கள், பழச்சுவை, கலர் கலரான பாக்கெட்டு.

ரித்துவுக்கு அந்த வயது வந்த வாரமே என்னிடம் சொன்னாள். “அம்மா, நான் ஃப்ரெண்ட்ஸோட ட்ரை பண்ணினேன். அப்பா வெள்ளிக்கிழமை பீர் குடிக்கிற மாதிரிதான்.” எனக்குத் தினா ஞாபகம் வந்தது. அன்று வீடு அதிரக் கத்தினேன். அதன்பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. விட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். இந்த ஊரில் பிள்ளைகள் நம்மிடம் பேசுவதை நிறுத்துவதும் ஒரு பழக்கத்தை நிறுத்துவதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும்.

தினாவின் கல்யாணத் தேதி முடிவானதும் வீடே திருவிழாவானது. ரித்துவின் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது, உடம்பில் அடையாளக்குறி என்ன என்று கேட்டிருந்தது. பச்சை குத்தியிருப்பதை எனக்கே அப்போதுதான் சொன்னாள், கணுக்காலில் ஒரு சின்ன மீன். திட்டவில்லை. கல்யாண சந்தோஷத்தில் மீனும் அழகாகத்தான் தெரிந்தது. என் கணவருக்கு லீவு கிடைக்காததால் நாங்கள் இரண்டு பேர் மட்டும் கிளம்பினோம். இங்குள்ள விமான நிலையத்தில் கஞ்சாவை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று பெரிய எழுத்தில் பலகை வைத்திருக்கிறார்கள். ரித்து அதன் பக்கத்தில் நின்றுதான் தன் தோழிக்கு செல்ஃபி அனுப்பினாள்.

4

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால், காலை. வல்லத்தில் தினா வாடகைக்கு எடுத்த சின்ன வீடு, புது டிஸ்டெம்பர் வாசனை. நான் தாம்பூலப் பைகளில் தேங்காய் போட்டுக்கொண்டிருந்தேன். கோமதியின் அப்பா அம்மா வரும் ரயில் தாமதமாம், முற்பகலில்தான் செங்கல்பட்டு வந்து சேரும். அதற்கு முன் கோமதியை ஏற்றிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் டெய்லரிடம் போய், ஜாக்கெட் வாங்கிக்கொண்டு, அப்படியே ஸ்டேஷனுக்குப் போவதாகத் தினாவின் திட்டம். வேனுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பாட்டுப் பாடிக்கொண்டு திரிந்தான்.

ரித்து குளியலறையிலிருந்து கத்தினாள். “மாமா, என் ஃபோன்ல சார்ஜ் இல்ல. பேக்ல சைடு பாக்கெட்ல சார்ஜர் இருக்கு, போட்டு விடுங்க.”

தினா போய்ப் பையைத் திறந்தான். பாட்டு நின்றது.

நான் நிமிர்ந்து பார்த்தேன். கையில் கலர் பாக்கெட் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான். மூலையில் ஒரு இலைப் படம். எனக்கு அங்கிருந்தே தெரிந்துவிட்டது. அதே கடை, அதே பாக்கெட்டு.

அவன் அதை மேஜைமேல் வைத்தான். சுடுகிற பாத்திரத்தை வைப்பது போல வைத்தான்.

“அக்கா, இத்த எடுத்து உள்ள வை. நான் இப்ப வரேன்.”

“எங்கடா போற? கோமதிய கூப்பிடப் போவணுமே?”

வேன் நின்ற இடத்திலேயே நின்றது. மறுபடி வாங்கியிருந்த பழைய பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவனுடைய ஃபோன் ஜன்னலோரம் சார்ஜில் கிடந்தது.

ரித்து ஈரத்தலையோடு வந்து மேஜையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவளிடம் நான் சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது. இந்தியாவில் இதைப் பையில் வைத்திருந்தால் ஜெயில் என்பது அவளுக்குத் தெரியும். தாய்மாமன் எதிலிருந்து மீண்டு வந்தவன் என்பதும் தெரியும். “அது வேறம்மா, மாமா எடுத்தது மாத்திரை. இது சும்மா” என்றாள்.

5

காத்திருந்து பார்த்துவிட்டுக் கோமதியே ஷேர் ஆட்டோ பிடித்து வந்தாள். வாசலில் மாலையோடு நிற்கும் வேனைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

“மயினி, அவிய எங்க?”

எங்கள் பக்கத்தில் அண்ணி என்போம், அவள் மயினி என்பாள். அந்த வார்த்தை முதல்நாளே எனக்குப் பிடித்துப்போயிருந்தது. அன்று அதைக் கேட்டதும் அழுகை வந்தது. நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அம்மா ஸ்தானத்தில் நிற்கும் நான், என் மகள் கொண்டுவந்த பொருளால் உன் மாப்பிள்ளையைக் காணோம் என்று கல்யாணப் பெண்ணிடம் சொல்ல வேண்டியிருந்தது.

கோமதி உட்கார்ந்தாள். பாக்கெட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கம்பெனியில் ஒரு சர்க்யூட் போர்டு பழுதானால் இப்படித்தான் பார்ப்பாளோ என்று தோன்றியது. கோபம் இல்லை, எங்கே தப்பு என்று தேடுகிற பார்வை.

“ரித்து, இது அங்கன தப்பில்ல, அப்படித்தானே?”

“ஆமா அத்தை. கடையில விக்கறாங்க. எல்லாரும் ஜாலிக்குச் சாப்பிடுவாங்க.”

“நீயும் ஜாலிக்குத்தான்?”

“ஆமா.”

“ஜாலிக்குன்னா விட்டுட்டு வந்துருக்கலாமே. ரெண்டு வாரம் தானே?”

ரித்து பாக்கெட்டையே பார்த்தாள். கோமதி அவசரப்படுத்தவில்லை. வெளியே கம்பெனி பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு போனது.

“தூக்கம் வராது” என்றாள் ரித்து கடைசியில். “பரீட்சை நேரத்துல ஆரம்பிச்சேன். முதல்ல வாரத்துக்கு ஒண்ணு. இப்ப அது இல்லாம படுத்தா தூங்க முடியல. விமானத்துல வரும்போதே பயமா இருந்தது, பிடிச்சிடுவாங்களோன்னு. ஆனா விட்டுட்டு வர்றது அதைவிட பயமா இருந்தது.”

இதைச் சொல்லி முடித்தபோது, தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே புரிந்தது. அது அவள் முகத்தில் தெரிந்தது. நான் வீடு அதிரக் கத்தியும் கிடைக்காத பதிலைக் கோமதி உட்கார்ந்த இடத்திலிருந்தே வாங்கிவிட்டாள்.

ரித்துவே பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் கழிவறையில் கொட்டித் தண்ணீரை ஊற்றினாள். கோமதி கதவருகே நின்றாள். பிறகு துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, “வாங்க, அவிய எங்க இருப்பாகன்னு எனக்குத் தெரியும்” என்றாள்.

6

சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. கடைக்காரர் காதர் பாய், தினாவின் வாராந்தரக் கூட்டத்து ஆள், அவரும் ஒரு காலத்தில் விழுந்து எழுந்தவர். ஆட்டோவில் போய்ச் சேரும்வரை மனதுக்குள், அங்கே இல்லை என்றால் எங்கே தேடுவது, ரயிலில் வருபவர்களிடம் என்ன சொல்வது என்று ஆயிரம் கேள்வி.

தினா உள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். முன்னால் டீ கிளாஸ், பக்கத்தில் பாய். அவன் கண் தெளிவாக இருந்தது. அந்தக் கண்ணைப் பார்த்த கணத்தில் எனக்குள் ஓடிய சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ரோட்டில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தி, என் தம்பி டீ குடிக்கிறான், டீ மட்டும் குடிக்கிறான் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது.

“தங்கச்சி, வா” என்று பாய் கோமதிக்கு இடம் விட்டார். “ஒண்ணும் ஆவல. நேரா இங்க வந்துட்டாப்ல.”

ரித்து அவன் எதிரே போய் நின்றாள். “மாமா, நான் உங்கள பயந்துட்டேனா?”

பயமுறுத்திவிட்டேனா என்று கேட்க நினைத்திருக்கிறாள். அவள் தமிழ் அவ்வளவுதான் ஒத்துழைத்தது. தினா சிரித்துவிட்டான்.

“நான்தாம்மா பயந்துட்டேன். அது கையில வந்ததும் இன்னா தோணுச்சு தெரியுமா? மிட்டாய் மாதிரிதானே கீது, ஒண்ணு வாயில போட்டா யாருக்கும் தெரியாதுன்னு. ரெண்டு நாள்ல கல்யாணம், ஆனா மொதல்ல அதான் தோணுச்சு. அதான் ஓடியாந்துட்டேன்.”

“ஜாலியா எடுக்கிறதுக்கும் மாட்டிக்கிறதுக்கும் நடுவுல எங்க மாமா கோடு? உங்களுக்கு எப்ப தெரிஞ்சது?”

தினா டீ கிளாஸை நகர்த்தி வைத்தான். “தாண்டும்போது எனக்கு ஒண்ணும் தெரியல. ரொம்ப நாள் கழிச்சு திரும்பிப் பார்த்தப்பதான் தெரிஞ்சுது. ஏரிக்கரையில நாலு பேரு முன்னாடி எடுத்தேன், அது ஒண்ணும் ரகசியமில்ல. அப்புறம் ஒரு நாளு கம்பெனி பாத்ரூம்ல தனியா எடுத்தேன். அவனுங்ககிட்ட கூட சொல்லல. ஏன் சொல்லலன்னு என்னையே கேட்டிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். கேக்கல. ஆனா அதான் எல்லாருக்கும் கோடுன்னு நான் சொல்ல மாட்டேன். எனக்கு அப்படி.”

“நான் அம்மாகிட்ட சொல்லல” என்றாள் ரித்து.

பாய் எழுந்துபோய் எங்கள் மூவருக்கும் டீ போட்டார்.

7

டீயைக் குடித்து முடிப்பதற்குள் தினா ஒரு முடிவுக்கு வந்திருந்தான். “கோமதி, உங்க அப்பாகிட்ட இன்னிக்கே சொல்லிடறேன்.”

“கல்யாணம் முடியட்டும்னு சொன்னேன்லா?”

“இன்னிக்குக் காலையில நடந்ததுக்கு அப்புறம் சொல்லாம தாலி கட்டினா, அதுவும் தனியா எடுத்த மாத்திர மாதிரிதான் ஆவும்.”

கோமதி அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “அப்பா வேண்டாம்னு சொல்லிட்டா?”

“சொல்லட்டும்.”

வீட்டுக்கு வந்து வேனை எடுத்தோம். ஜாக்கெட்டை மறந்தே போனோம். செங்கல்பட்டு போகும் வழியெல்லாம் மாலை போட்ட வேனைப் பார்த்து ரோட்டில் பிள்ளைகள் கையாட்டின, ரித்து மட்டும் பதிலுக்குக் கையாட்டிக்கொண்டே வந்தாள்.

கோமதியின் அப்பா ஒடிசலான மனிதர். வெள்ளைச் சட்டையில் பயணக் கசங்கல், கையில் அல்வாப் பெட்டிகள் நிறைந்த பை. ஸ்டேஷனுக்கு வெளியே வேப்பமர நிழலில் நிறுத்தித் தினா எல்லாவற்றையும் சொன்னான். மருத்துவமனை, திரும்ப விழுந்தது, சித்தி வீட்டில் திருடியது, காலையில் ஓடியது. “இன்னிக்கு ரொம்பப் பயந்துட்டேன் மாமா. ஆனா எடுக்கல” என்று முடித்தான். வார்த்தைக்கு வார்த்தை தடுமாறினான், ஆனால் ஒன்றையும் விடவில்லை. கோமதியின் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

பெரியவர் பையைக் கீழே வைத்தார். மகளிடம் திரும்பினார்.

“ஒனக்கு இது தெரியுமா?”

“தெரியும்ப்பா.”

“தெரிஞ்சுதான் இந்தப் பையன் வேணும்னு சொன்னியா?”

“ஆமாப்பா.”

அவர் தினாவை மேலும் கீழும் பார்த்தார். ஒரு ரயில் வந்து நின்று கிளம்பும் அளவுக்கு நேரம் போனதாகப் பட்டது.

“மாசம் ஒருக்கா எனக்கு ஃபோன் போட்டுப் பேசணும். நல்லா இருந்தாலும் பேசணும், நல்லா இல்லன்னாலும் பேசணும். செய்வீயளா?”

“செய்யறேன் மாமா.”

“சரி, வாங்க. ராத்திரிலேருந்து சாப்பிடல, பசிக்கி.”

அவ்வளவுதான் அவர் சொன்னது. ஹோட்டலில் தினாவின் இலையில் இன்னொரு வடையை வைக்கச் சொன்னார். ரித்து என் கையைப் பிடித்து நசுக்கிக்கொண்டே இருந்தாள்.

கல்யாணம் வல்லக்கோட்டை முருகன் கோயிலில் நடந்தது. ஜாக்கெட் முதல்நாள் மாலைதான் கைக்கு வந்தது, கை கொஞ்சம் லூசு, யாருக்குக் கவலை. ஷிஃப்ட் முடிந்து கோமதியின் லைன் பெண்கள் யூனிஃபார்மோடு வந்து இறங்கினார்கள். இறங்கும்போதே குலவை. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்தத் தெற்கத்திக் குலவை புதிது, ரித்து அங்கேயே கற்றுக்கொண்டு தொண்டை கட்டும்வரை போட்டாள். தாலி கட்டும்போது காதர் பாய் முன்வரிசையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவு சந்தோஷமான கல்யாணத்தை நான் பார்த்ததில்லை. என் கல்யாணத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அந்த நாட்களில் ரித்துவுக்குத் தூக்கம் வரவில்லை. விடியும்வரை புரண்டாள், எரிச்சல்பட்டாள், சாப்பாட்டைத் தள்ளினாள். வெளியில் பார்த்தவர்கள் கனடாப் பிள்ளைக்கு இந்த வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். உண்மை தெரிந்த நாங்கள் யாரும் திருத்தவில்லை.

8

இங்கே திரும்பியதும் கல்லூரியிலேயே இருக்கும் ஆலோசகரைப் பார்க்க நேரம் வாங்கினாள். நான் சொல்லி அல்ல. முதல் சந்திப்பில் எவ்வளவுக்கு ஒருமுறை எடுப்பாய் என்று கேட்டபோது, வார இறுதியில் மட்டும் என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு, கதவுவரை போய்த் திரும்பி வந்து, இல்லை, தினமும் என்று சொன்னாளாம். அவளுடைய தோழிகள் இரண்டு பேர் இப்போதும் எப்போதாவது எடுக்கிறார்கள். நன்றாகப் படிக்கிறார்கள், நன்றாகத் தூங்குகிறார்கள். “எனக்கு மட்டும் ஏம்மா?” என்று ஒருநாள் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. ஆலோசகருக்கும் முழுதாகத் தெரியாது என்றாள். சந்தேகம் வரும்போதெல்லாம் மாமாவுக்குப் போன் போடுகிறாள். அவள் அறைக்குள்ளிருந்து அந்த உடைந்த தமிழும் சிரிப்பும் கேட்கும், நான் போய் ஒட்டுக்கேட்பதில்லை. தினா அவன் பங்குக்கு மாமனாருக்கு மாதாமாதம் பேசுகிறான்.

போன மாதம் ஒரு ஞாயிறு. நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். ரித்து வந்து அடுப்புப் பக்கத்தில் நின்றாள்.

“அம்மா, நேத்து பர்த்டே பார்ட்டியில ஒண்ணு சாப்பிட்டேன். இத்தனை மாசம் கழிச்சு. வேணாம்னு நினைச்சேன், சாப்பிட்டுட்டேன். செவ்வாய்க்கிழமை ஆலோசகர்கிட்ட சொல்லப்போறேன். முதல்ல உன்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு.”

அடுப்பை அணைத்தேன். கத்த வேண்டும் என்ற ஆசை தொண்டைவரை வந்தது. ஆனால் அதற்கும் மேலே வேறொன்று பொங்கி வந்தது, அது சந்தோஷம் என்று கண்டுபிடிக்க எனக்கே கொஞ்ச நேரம் ஆனது. இரண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

“உக்காரு” என்றேன். “முழுசா சொல்லு. நான் கேக்கறேன்.”

அவள் உட்கார்ந்தாள். சொல்லத் தொடங்கினாள்.